கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல்

கொழும்பிலே கடல்மீன்களை வீட்டில் வளர்க்கத் தொடங்குவோரிற் பலர் முதல் மாதத்திலேயே அந்த ஆசையைக் கைவிட்டு விடுகிறார்கள். தொட்டி புதியது. மோட்டாரும் புதியது. நீரோ அடியிற் கிடக்கும் மணலை எண்ணிவிடலாம் என்னும் அளவுக்குத் தெளிவானது. ஆயினும் மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகின்றன. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சிலர் சினக்கிறார்கள். வந்து பார்த்தவர்களின் கண்ணூறு என்று சிலர் சொல்கிறார்கள். தெளிந்த நீரே மீனைக் கொல்லும் என்பதை நம்ப மனம் இலகுவில் இடங்கொடுப்பதில்லை.

இந்தப் புதிருக்கு ஒரு வரலாறு உண்டு. இலண்டனில் ஒரு சீமாட்டி, அதே நகரில் ஓர் இரசாயனவியலாளரும் அவருடைய மகனும், பாரிஸ் நகரக் கழிவுநீரை ஆராய்ந்த இரு பிரெஞ்சுக்காரர், தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் வேலைபார்த்த ஒரு பறங்கியர், இந்தோனேசியாவில் ஒரு சீனர் என்று பலர் அதிலே வருகிறார்கள். தமிழில் இதை ஒருசேர எழுதிய கட்டுரை எதுவும் என் கண்ணிற் படவில்லை. எனவே எழுதிவைக்கிறேன்.

இலண்டனில் கடல்

1846ஆம் ஆண்டு ஆனா தைன் என்ற ஆங்கிலச் சீமாட்டி தென்மேற்கு இங்கிலாந்தின் டோர்க்கி கடற்கரையில் முருகை உயிர்கள் சிலவற்றைக் கண்டு மயங்கி, அவற்றை ஒரு சாடியில் இலண்டனுக்கு எடுத்துவந்தார். கடலோ தொலைவில் இருந்தது. கொண்டுவந்த கடல்நீர் தீர்ந்தது. புது நீர் கிடைக்காத நாட்களில் அவர் ஓர் உபாயம் செய்தார். திறந்த சாளரத்தின் முன்னே வீட்டுப் பணிப்பெண்ணை நிறுத்தி, நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாறி மாறி ஊற்றச் செய்தார். அரைமணி, முக்கால்மணி நேரம் நாள்தோறும் இந்த வேலை நடந்தது. நம்மூர்த் தேநீர்க் கடைகளில் தேநீரை ஆற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அங்கே சூடு தணிகிறது. இங்கே காற்று நீருக்குள் ஏறியது. இன்று தொட்டிக்குள் குமிழி விடும் சிறு இயந்திரம் செய்யும் வேலையை அன்று அந்தப் பெண்ணின் கைகள் செய்தன. பின்னர் கடற்பாசிகளையும் சேர்த்து, கடலுக்கு எட்டாத நகரத்தின் நடுவே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அந்த உயிர்களைத் தைன் காப்பாற்றினார். அந்தப் பணிப்பெண்ணின் பெயரை வரலாறு குறித்துவைக்கவில்லை.

அதே இலண்டனில் ரொபேர்ட் வாரிங்டன் என்ற இரசாயனவியலாளர் 1850இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு பொன்மீன்களும் ஒரு நீர்ச்செடியும் விட்டார். செடி ஒட்சிசன் தரும், மீன் அதைச் சுவாசிக்கும் என்பது கணக்கு. சில நாளில் செடியின் பழுத்த இலைகள் அழுகி நீர் கெட்டது. உடனே அவர் நத்தைகளைச் சேர்த்தார். நத்தைகள் அழுகலைத் தின்றன. நீர் மீண்டும் தெளிந்தது. மீன், செடி, நத்தை என்ற மூன்றும் சமநிலையில் இருந்தால் நீரை மாற்றவே வேண்டியதில்லை என்று அவர் முடிவுகட்டினார். சில ஆண்டுகளுக்குள் கடல்நீரிலும் அதையே முயன்று பார்த்தார்.

1853இல் இலண்டன் விலங்கியற் பூங்காவில் மீன் மண்டபம் திறக்கப்பட்டது. 1854இல் பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய நூல், வீட்டிலே கடலை வைத்துக்கொள்ளும் மோகத்தை ஆங்கிலேய நடுத்தர வர்க்கத்தினரிடையே பரப்பியது. கடற்கரைக்குப் போக இயலாதவர்களுக்காகச் செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் கோஸ் வெளியிட்டார். சாதாரண உப்பு, எப்சம் உப்பு, மகனீசியம் குளோரைட்டு, பொற்றாசியம் குளோரைட்டு ஆகிய நான்குமே அதன் சரக்குகள். அந்த நீரில் அவர் உடனே விலங்குகளை விடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. முதலிற் கடற்பாசியை இட்டு, சில நாட்கள் பொறுத்து, அதன் பின்னரே உயிர்களை விட்டார். ஏன் பொறுக்கவேண்டும் என்பதற்கு அவர் சொன்ன காரணம் முழுமையானதன்று. ஆனால் பொறுத்தது சரி.

கோஸின் நூலை வாங்கியவர்களிற் பெரும்பாலோர் பொறுக்கவில்லை. மோகம் கிளம்பிய வேகத்திலேயே அடங்கிற்று. பொது இடங்களில் தொட்டிகளை நிலைநிறுத்தியவர் வில்லியம் அல்போர்ட் லொயிட். 1864இல் ஹம்பேர்க் நகரிலும் 1871இல் இலண்டன் பளிங்கு மாளிகையிலும் அவர் அமைத்த தொட்டிகளுக்குக் கீழே பெரும் நீர்த்தேக்கங்கள் இருட்டில் இருந்தன. நீர் இடைவிடாது மேலும் கீழும் சுழன்றது. இன்று தொட்டியின் அடிப்பெட்டிக்குள் இன்னொரு தொட்டியை மறைத்துவைத்து நீரைச் சுழலவிடுகிறார்களே, அந்த ஏற்பாடு லொயிட்டின் நீர்த்தேக்கத்தின் பேரப்பிள்ளை.

பாரிஸ் கழிவுநீரின் இருபது நாட்கள்

சமநிலைக் கொள்கையில் ஓர் ஓட்டை இருந்தது. மீன் வெளியேற்றுவது கரியமில வாயுவை மட்டுமன்று. அதன் செவுள்களின் வழியே அமோனியா இடைவிடாது கசிந்துகொண்டிருக்கிறது. தின்னாது விட்ட இரையும் அழுகி அமோனியா ஆகிறது. அமோனியாவுக்கு நிறமில்லை. செறிவு மிகுந்தாலன்றி மணமுமில்லை. தெளிந்த நீர் கொல்வதன் மர்மம் இதுவே.

அந்த அமோனியா இயற்கையில் எங்கே போகிறது என்ற கேள்விக்கு விடை மீன்தொட்டியிலிருந்து வரவில்லை, சாக்கடையிலிருந்து வந்தது. ஷ்லோசிங், மியூன்ஸ் என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய ஒரு நீண்ட குழாயினூடாகப் பாரிஸ் நகரக் கழிவுநீரை மெல்ல மெல்ல வடியவிட்டார்கள். இருபது நாட்கள் வரை எதுவும் நடக்கவில்லை. மேலே ஊற்றிய அமோனியா அப்படியே கீழே வந்தது. அதன் பின்னர் நைத்திரேற்று தோன்றத் தொடங்கியது. சில நாட்களில் அமோனியா முழுவதும் நைத்திரேற்றாக மாறியே வெளியே வந்தது. இது வெறும் இரசாயன மாற்றமாயின் முதல் நாளே நடந்திருக்கவேண்டும். இருபது நாள் தாமதம் ஏன்? உயிருள்ள ஏதோ ஒன்று மணலிற் பெருகுவதற்கு அவ்வளவு காலம் பிடித்திருக்கவேண்டும் என்று அவர்கள் ஊகித்தார்கள். ஊகத்தைச் சோதிக்கக் குளோரோபோம் ஆவியைக் குழாய்க்குள் விட்டார்கள். நைத்திரேற்று நின்றுபோயிற்று. உயிர்கள் மயங்கின, வேலை நின்றது. 1877இல் இம்முடிவு வெளியாயிற்று.

இதைத் தொடர்ந்து ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆய்வுநிலையத்தில் பணிபுரிந்த ரொபேர்ட் வாரிங்டன். பெயரைக் கண்டு வாசகர்கள் மயங்கவேண்டாம். 1850இல் பொன்மீன் தொட்டி வைத்தவரின் மகன் இவர். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர். அமோனியா முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் இரண்டு படிகளில் மாறுகிறது என்பதையும், இரண்டு படிகளுக்கும் வெவ்வேறு நுண்ணுயிர்கள் வேண்டும் என்பதையும் மகன் காட்டினார். அந்த நுண்ணுயிர்களை 1890 அளவில் தனியே பிரித்தெடுத்தவர் ருசிய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி. தந்தையின் தொட்டியில் விடுபட்டிருந்த பகுதியை வயல்மண்ணை ஆராய்ந்த மகன் நிரப்பினார் என்பது அறிவியல் வரலாற்றில் அரிதாகக் கிடைக்கும் பொருத்தம். எனினும் மீன் வளர்ப்போர் இந்த அறிவைத் தமதாக்கிக்கொள்ள மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

சென்னையும் தெஹிவளையும்

நம் பக்கத்தில் கடல்மீன் காட்சிக்கு வந்த கதையையும் சொல்லவேண்டும். சென்னை மெரீனாக் கடற்கரையில் 1909இல் மீன் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்கர் தேர்ஸ்டன் அதன் பின்னணியில் இருந்தவர். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய பெருந்தொகுப்பின் ஆசிரியர் என்றே தமிழர்கள் அவரை அறிவார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அந்தக் காட்சிச்சாலை மூடப்பட்டது.

கொழும்பிலே ஜோன் ஹேகன்பெக் என்ற ஜேர்மானிய விலங்கு வணிகரின் தோட்டம் 1936இல் அரசின் கைக்கு வந்து தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை ஆயிற்று. 1950களில் அங்கே உதவி மேற்பார்வையாளராக இருந்தவர் ரொட்னி ஜொங்க்ளாஸ் என்ற பறங்கியர். அவர் பெயர்பெற்ற சுழியோடி. 1954 டிசம்பரில் அவுஸ்திரேலியா நோக்கிச் சென்ற கப்பல் கொழும்பிலே சில மணி நேரம் தரித்தபோது, ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் ஜொங்க்ளாஸைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு கிளார்க்கை 1956இல் இலங்கைக்குத் திருப்பி அழைத்துவந்தது. 2008இல் இறக்கும் வரை அவர் இங்கேயே வாழ்ந்தார். ஜொங்க்ளாஸ் முருகைப் பாறைகளிலிருந்து வண்ண மீன்களை உயிருடன் பிடித்துப் பொதிசெய்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரானார். இலங்கை நன்னீர் மீன் ஒன்றின் விஞ்ஞானப் பெயரில் அவருடைய பெயர் இன்றும் இருக்கிறது.

இலங்கையின் அலங்கார மீன் ஏற்றுமதியிற் பெரும்பங்கு பண்ணையில் வளர்க்கும் நன்னீர் மீன்களே. கப்பி மீன் அவற்றுள் முதன்மையானது. கடல்மீன்களோ பெரும்பாலும் கடலிலிருந்து நேரே பிடிபடுபவை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கடலைக் குழப்பும் மாதங்களில் சுழியோடிகள் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் போகிறார்கள். வடகீழ்ப் பருவம் தொடங்கியதும் மேற்கிலும் தெற்கிலும் இறங்குகிறார்கள். போர்க் காலத்தில் கிழக்குக் கடல் அவர்களுக்கு எளிதில் திறக்கவில்லை. ஆழத்திலிருந்து அவசரமாக மேலேறினால் குருதியில் காற்றுக்குமிழி உண்டாகி உடல் முடங்கும் ஆபத்து இத்தொழிலில் என்றும் உண்டு. கொழும்புக் கடையொன்றின் கண்ணாடிப் பெட்டியில் நாம் விலைபேசும் மீனுக்குப் பின்னால் அப்படியொரு மனிதர் இருக்கிறார்.

தெமட்டகொடைக் கொப்பி

தெமட்டகொடையில் வசிக்கும் எனக்குத் தெரிந்த ஒருவர், புகையிரதப் பகுதியிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒரு கொப்பியை என்னிடம் தந்தார். அவர் புதிதாக வைத்த உவர்நீர்த் தொட்டியைப் பற்றி நாள்வாரியாக எழுதிவைத்த குறிப்பு அது. புகையிரதத்தில் பழகிய கை. திகதியும் நேரமும் பிசகாமல் இருந்தன. பத்திரிகையில் நெடுங்காலம் பிறர் குறிப்புகளைப் படித்தே வயிறு வளர்த்த எனக்கு, அதன் அருமை உடனே புரிந்தது. நூற்றைம்பது ஆண்டு வரலாறு அந்தக் கொப்பியின் நாற்பது நாளுக்குள் அடங்கியிருந்தது.

தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். நிரம்பினால் ஏறத்தாழ 250 லீற்றர். ஜூன் மாதம், மழை விட்ட மறுநாட்காலை, வெள்ளவத்தைக் கடற்கரையிலிருந்து பிளாஸ்ரிக் கான்களில் நீர் வந்தது. மூன்றாம் நாள் ஐந்து மீன்கள் வந்தன. இரண்டு கோமாளி மீன், கடைகளில் பவுடர் புளூ என்று அழைக்கப்படும் நீல மீன் ஒன்று, வண்ணத்துப்பூச்சி மீன் இரண்டு. கூடவே ஒரு சிவப்பு இறால். ஐந்தாம் நாட் குறிப்பு: "மீன்கள் மேலே வந்து வேகமாக மூச்சு வாங்குகின்றன." ஆறாம் நாள் வண்ணத்துப்பூச்சி ஒன்று இறந்தது. ஏழாம் நாள் நோய் என்று எண்ணிச் செம்பு கலந்த மருந்தை ஊற்றினார். எட்டாம் நாள் இறாலும் இன்னொரு மீனும் போயின. ஒன்பதாம் நாள், அழுக்கு அடைத்திருக்கிறது என்று வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் நன்றாகக் கழுவினார். பன்னிரண்டாம் நாள் தொட்டியில் உயிர் எதுவும் இல்லை.

மனம் வெறுத்துப்போனாலும் அவர் மோட்டாரை நிறுத்தவில்லை. பதினான்காம் நாள் கனடாவிலிருந்து வந்த உறவினர் சோதனைக் குப்பிகள் கொண்டுவந்தார். அன்றிலிருந்து கொப்பியின் தோற்றமே மாறுகிறது. 14ஆம் நாள் அமோனியா லீற்றருக்கு 4 மில்லிகிராம். நைத்திரைற்று இல்லை. 22ஆம் நாள் அமோனியா குறையத் தொடங்குகிறது, நைத்திரைற்று தோன்றுகிறது. 30ஆம் நாள் அமோனியா இல்லை, நைத்திரைற்று உச்சத்தில். 38ஆம் நாள் இரண்டுமே இல்லை, நைத்திரேற்று 20. மீனில்லாத தொட்டியிலே, மிஞ்சிக்கிடந்த இரையின் அழுகலை உண்டு, ஷ்லோசிங்கும் மியூன்சும் கண்ட அதே உயிர்கள் ஆளில்லாமலே குடியேறியிருந்தன.

இனிப் பிழைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, நீரை எடுத்த இடம். கொழும்பின் மழைநீரையும் கழிவையும் சுமந்துவரும் வெள்ளவத்தைக் கால்வாய் கடலிற் கலக்கும் இடத்துக்கு அருகே அவர் கானை நிரப்பியிருந்தார். நீரமானி காட்டிய அடர்த்தி எண் 1.018. முருகைப் பாறை மீன்களுக்கு அது 1.023க்கும் 1.026க்கும் இடையில் இருக்கவேண்டும். ஒரு கிலோ நல்ல கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. மழைக்குப் பின் கரையோரம் எடுத்த நீரில் உப்பும் குறைவு, கால்வாய் கொண்டுவந்த கழிவும் கூட. கடல்நீர் எடுப்பதானால் பல நாள் மழையில்லாத காலத்தில், கால்வாய் வாய்களுக்கு விலகி எடுக்கவேண்டும். இல்லையேல் உப்புக்கலவை வாங்கிக் கலக்கவேண்டும்.

இரண்டாவது, அவசரம். மூன்றாம் நாளில் மணலில் நுண்ணுயிர் இல்லை. ஐந்து மீன்களின் கழிவுக்குப் போக்கிடமும் இல்லை. கடல்நீரில் இதன் கொடுமை அதிகம். அமோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். அதில் ஒன்றே கொடிய நஞ்சு. பி.எச். 7 உள்ள நன்னீரில் நஞ்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பி.எச். 8.2 உள்ள கடல்நீரில் அது நூற்றில் ஐந்து பங்குக்கும் மேல். பொன்மீன் வளர்த்துப் பழகியவர்கள் கடல்மீனில் தோற்பதற்கு இதுவே பெருங்காரணம். நைத்திரைற்றின் கதை எதிர்மாறு. கடல்நீரிலுள்ள குளோரைட்டு அதைச் செவுளுக்குள் எளிதில் நுழையவிடாது. ஆகவே கடற்தொட்டியில் முதலில் அஞ்சவேண்டியது அமோனியாவுக்கே.

மூன்றாவது, மருந்து. மேலே வந்து மூச்சு வாங்கியது நோயாலன்று, நஞ்சினால். செம்பு சில ஒட்டுண்ணிகளைக் கொல்லும், உண்மைதான். இறாலையும் நத்தையையும் அதனினும் விரைவாகக் கொல்லும். சுண்ணாம்புத் தன்மையுள்ள முருகை மணலிற் படிந்து பின்னர் மெல்லக் கசியவும் செய்யும். மருந்து வேண்டுமானால் நோயுற்ற மீனை வேறு தொட்டிக்கு மாற்றிக் கொடுப்பதே முறை. வடிகட்டி இருக்கும் தொட்டியில் மருந்து ஊற்றுவது, பாரிஸ் குழாய்க்குள் குளோரோபோம் விட்டதற்கு ஒப்பாகும்.

நான்காவது, குழாய் நீர். 1886 முதல் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து கொழும்புக்குக் குழாய்வழி நீர் வருகிறது. அது வந்து சேர்ந்த மாளிகாகந்தை தெமட்டகொடைக்கு அயல். பின்னாளிற் களத்துவாவ நீர்த்தேக்கமும் அம்பத்தளையில் எடுக்கும் களனி கங்கை நீரும் சேர்ந்துகொண்டன. நம்மைக் கொள்ளைநோயிலிருந்து காக்க அந்த நீரிற் குளோரின் கலக்கிறார்கள். மனிதனைக் காக்கும் குளோரின் வடிகட்டியிலுள்ள பற்றீரியாவையும் கொல்லும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். பஞ்சைக் கழுவுவதானால் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசவேண்டும். மாதக் கணக்கில் வளர்ந்த குடியிருப்பு ஒரு நிமிடக் குழாயடியில் அழிந்துவிடும்.

ஐந்தாவது, ஆவியாதல். மின்விசிறிக் காற்றில் நாளொன்றுக்கு 3 லீற்றர் வரை நீர் குறைந்தது. மேலதிகமாகக் கொண்டுவந்த கடல்நீரையே அவர் ஊற்றி நிரப்பினார். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு தங்கிவிடும். 38 நாளில் 114 லீற்றர் கடல்நீர் கூடுதலாகச் சேர்ந்ததால் 1.018 என்றிருந்த எண் 1.026 ஆயிற்று. குறைவாகத் தொடங்கியதால் இது தற்செயலாக நன்மையில் முடிந்தது. அப்படியே தொடர்ந்திருந்தால் தொட்டி உப்பளமாகியிருக்கும். குறையும் நீருக்கு ஈடாக உப்பில்லாத, குளோரின் நீக்கிய நீரையே ஊற்றவேண்டும். மழைக்காலத்தில் ஆற்றுநீர் கடலிற் கலந்து உப்பைக் குறைப்பதும், கோடையில் உப்பு நீர் களனி கங்கை வழியே அம்பத்தளைப் பக்கம் ஏறிவந்து நீர் வழங்குவோரைத் தொல்லைப்படுத்துவதும் இதே கணக்கின் பெரிய வடிவங்கள்.

ஆறாவது, வெப்பமும் மின்சாரமும். 30 பாகை செல்சியஸில் நன்னீர் லீற்றருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஒட்சிசன் கொள்ளும். கடல்நீர் கொள்வது ஏறத்தாழ 6.2 மட்டுமே. மீனுக்கு மட்டுமன்றி நுண்ணுயிர்களுக்கும் ஒட்சிசன் வேண்டும். ஒரு கிராம் அமோனிய நைதரசனை மாற்ற அவை நாலரைக் கிராமுக்குச் சற்று மேலான ஒட்சிசனைச் செலவிடுகின்றன. 2022 மார்ச் இறுதியில் இலங்கையிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நடந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். மின்கலத்தில் இயங்கும் சிறு காற்று மோட்டார் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அதுவும் இல்லையேல் ஆனா தைன் வீட்டுப் பணிப்பெண் காட்டிய வழி இருக்கிறது. ஒரு சாடியால் நீரை மொண்டு உயர்த்தி ஊற்றலாம்.

பாறையை வீட்டுக்குக் கொண்டுவருதல்

காத்திருக்க மனமில்லாதவர்களுக்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு. இந்தோனேசியாவின் லீ சின் எங் 1961இல் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். வடிகட்டி எதுவும் இல்லை. கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைத் துண்டுகள், நல்ல கடல்நீர், மெல்லிய காற்றுக்குமிழி, அவ்வளவே. பாறையின் நுண்துளைகளிலே வேண்டிய உயிர்கள் முன்னமே குடியிருந்தன. மேலைநாட்டார் நெடுங்காலம் கழித்தே அந்த வழிக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் கொழும்பிலிருந்து ஹிக்கடுவைக்குப் போய்ப் பாறை பெயர்த்து வரலாம் என்று எவரும் எண்ணவேண்டாம். சுண்ணாம்பு சுடுவதற்காகத் தென்மேற்குக் கரையில் முருகைக்கல் பல்லாண்டுகள் தோண்டப்பட்டது. கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் அதைத் தடைசெய்தது. ஹிக்கடுவைக் கடல் 1979இல் சரணாலயமாகவும் 2002இல் தேசிய பூங்காவாகவும் ஆயிற்று. இடையில் 1998இல் கடல் சூடேறி முருகைகள் வெளிறிச் செத்தன. எஞ்சியதைப் பிட்டுத் தொட்டியில் வைப்பது முறையன்று. பொறுமையுள்ளவருக்கு அது தேவையுமில்லை. காய்ந்த கல்லிலும் மணலிலும் அதே உயிர்கள் ஐந்தாறு வாரத்தில் வந்து சேரும். மீனில்லாத தொட்டியில் சிறிது இரையை இட்டு அழுகவிட்டு, அமோனியாவும் நைத்திரைற்றும் ஏறி இறங்கி இல்லாமற்போகும் வரை காத்திருந்தாற் போதும். பின்னர் ஒரு மீன். இரண்டு வாரம் கழித்து இன்னொன்று.

2005இல் ஒரு செய்தி விஞ்ஞான உலகை வியக்கவைத்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடல் காட்சிச்சாலையின் வெப்பவலயத் தொட்டி ஒன்றிலிருந்து, அமோனியாவை உண்டு வாழும் புதுவகை நுண்ணுயிர் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அது பற்றீரியா அன்று, ஆர்க்கியா என்ற வேறொரு பெருங்குலத்தைச் சேர்ந்தது. அதன் உறவினர்கள் உலகப் பெருங்கடல்களில் மிக அதிகமாக வாழும் உயிர்களில் அடங்குவர் என்று பின்னர் தெரியவந்தது. வினோகிராட்ஸ்கிக்குப் பின் நூறாண்டுக்கு மேலாகக் கடலிலே கண்ணிற் படாதிருந்தது மீன்தொட்டி மணலில் அகப்பட்டது.

தெமட்ட என்பது சிங்களத்திற் குமிழ மரம். கொட என்பது மேட்டு நிலம். மரம் நின்ற மேட்டின் ஓரமாக இன்று தெமட்டகொடைக் கால்வாய் ஓடுகிறது. அதன் நீர் கறுத்து நாறும் நாட்களில் அங்கே நடப்பதும் அந்தத் தொட்டியில் நடந்ததே. கழிவு மிகுதி, ஒட்சிசன் போதாது, வேலை செய்யவேண்டிய உயிர்கள் மூச்சுத்திணறிக் கிடக்கின்றன. கால்வாயின் நீர் கடைசியிற் கடலுக்கே போய்ச் சேருகிறது. 250 லீற்றரில் 12 நாளிற் கண்ணுக்குத் தெரிந்த கேடு, கரையோரக் கடலிலே தெரியவரப் பல ஆண்டுகள் பிடிக்கிறது. வேறுபாடு அளவில் மட்டுமே.

கொப்பியின் 41ஆம் நாட் குறிப்பிலே ஒரு கோமாளி மீன் வந்து சேர்ந்ததாக எழுதியிருக்கிறது. அதற்கு அடுத்த பக்கங்களில் சோதனை எண்கள் மட்டுமே இருக்கின்றன. அமோனியா 0, நைத்திரைற்று 0, அடர்த்தி 1.025. மீனைப் பற்றி எழுத அவருக்கு எதுவும் இருக்கவில்லை.